இத்தாலி நகரங்களில் வாடகைக் கார்: கையில் வைத்திருப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

இத்தாலியில் வாடகைக் கார் ஓடும்போது தின்பதைவிட நிற்கும்போது தின்பதுதான் அதிகம். எங்கெங்கே போகலாம் என்று வரைபடத்தை விரிப்பதற்கு முன், ஒரு தாளில் பயணத்தின் இரவுகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் எதிரே கார் எங்கே நிற்கும் என்று குறியுங்கள். பத்து இரவில் ஏழு இரவு ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று பழைய நகரங்களுக்குள் கழிகிறதென்றால், அந்த ஏழு நாளும் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

இந்த நகரங்கள் கார் காலத்துக்கு வெகு முந்தியவை. பல தெருக்கள் ஒரு கார் அகலம்கூட இல்லாதவை. பார்க்க வேண்டியவை எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும். ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கோ, காரைவிட வேகமான ரயில் ஓடுகிறது. ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். காரில் சுமார் 280 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், அதற்கு மேல் டோல், அதற்கும் மேல் பார்க்கிங். கிராமப்புறம் வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். ஃப்ளாரன்ஸுக்குத் தெற்கே உள்ள கியாந்தி மலைகள், வால் தோர்ச்சா, புலியா, சிசிலியின் உட்பகுதி போன்ற இடங்களில் பஸ் ஒரு நாளைக்கு நாலைந்து முறை வந்தாலே பெரிது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இருக்காது. அங்கே கார் இல்லாவிட்டால் பாதி நாள் பஸ் நிறுத்தத்தில்தான்.

ஆகவே இதைப் பயணம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வியாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. எந்த நாளில் எடுப்பது, எந்த நாளில் கொடுப்பது என்று உடைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

வழக்கமாகப் பலர் போடுகிற திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ரோமில் 3 இரவு, கியாந்தியில் ஒரு பண்ணை வீட்டில் 3 இரவு, ஃப்ளாரன்ஸில் 2, வெனிஸில் 2. இரண்டு பேர். கார் வாடகை நாளுக்கு 50 யூரோ என்று வைத்துக்கொள்வோம் (பருவத்தைப் பொறுத்து இது இரட்டிப்பாகும், பாதியாகவும் ஆகும்).

ரோம் விமான நிலையத்தில் எடுத்து வெனிஸில் கொடுத்தால் 10 நாள் வாடகை 500. ஊர் நடுவில் காரேஜ் பார்க்கிங் இரவுக்கு 30 முதல் 40 யூரோ என்று ஏழு இரவுக்கு 240 சொச்சம். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் வழியாக வெனிஸுக்கு டோல் 40 யூரோவை ஒட்டி. அந்த வழியில் 550 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 60 யூரோ. எடுத்த ஊரில் கொடுக்காமல் வேறு ஊரில் கொடுப்பதற்கு நிறுவனம் போடும் கட்டணம் தனி. கூட்டினால் 850 யூரோவைத் தாண்டுகிறது.

இதே பயணத்தில் கியாந்திக்கு மட்டும் கார் எடுத்தால் 3 நாள் வாடகை 150. ரோம்–ஃப்ளாரன்ஸ், ஃப்ளாரன்ஸ்–வெனிஸ் ரயிலுக்கு, முன்கூட்டி வாங்கினால் ஆளுக்கு ஒரு தடவைக்கு 30 யூரோ என்று வைத்தாலும் 120. மொத்தம் 270. நாலு பேர் என்றால் ரயில் செலவு இரட்டிப்பாகி 390 ஆகும். அப்போதும் பாதிகூட இல்லை. ஐந்து பேர், பெரிய லக்கேஜ், கைக்குழந்தை என்றால் இடைவெளி குறையும். ஆனால் பெரிய கார் வாடகையும் ஏறும், பெரிய காருக்கு அந்தச் சந்துகளில் பார்க்கிங் கிடைப்பதும் கஷ்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்துக்கு இந்தக் கணக்கைப் போடும்போது விட்டுவிடக் கூடாதவை: விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் எடுப்பதற்கான கூடுதல் கட்டணம், இரண்டாவது ஓட்டுநர் கட்டணம், குழந்தை இருக்கை, முழு இன்சூரன்ஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது வாடகைக் கார் தொழிலுக்கே சொன்ன பழமொழி மாதிரி இருக்கும். இணையத்தில் நாளுக்கு 15 யூரோ என்று காட்டுகிற கார் கவுன்டரில் 45 ஆவது இந்தக் கூடுதல்களால்தான்.

இசட்.டி.எல். என்கிற கண்ணி

இத்தாலியில் காரை நகரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சொல்வதற்கு முதல் காரணம் பார்க்கிங் அல்ல, இசட்.டி.எல். எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரம். பெரும்பாலான பழைய நகரங்களின் நடுப்பகுதி இந்த வட்டாரத்துக்குள் வருகிறது. குறிப்பிட்ட நேரங்களில் அங்கே குடியிருப்பவர்களும் அனுமதி பெற்றவர்களும் மட்டுமே வண்டியோடு நுழையலாம். தடுப்புக் கம்பி இருக்காது, போலீஸ்காரர் நிற்க மாட்டார். கம்பத்தில் ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும், அவ்வளவுதான். உள்ளே போனது தெரியாமலே வெளியே வந்துவிடுவீர்கள்.

பலகையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டம். எந்த வண்டிக்கும் அனுமதியில்லை என்பதற்கான குறி. மேலேயோ கீழேயோ இசட், டி, எல் என்று மூன்று ஆங்கில எழுத்து. அதன் கீழே நேரம். நேரத்துக்குப் பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் வேலை நாள். இத்தாலியக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள். சிலுவை இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாளும். அதற்கும் கீழே, யாருக்கு விலக்கு என்று பொடி எழுத்தில் நாலைந்து வரி. 40 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் ஸ்கூட்டர்காரன் ஹார்ன் அடிக்க, இத்தனையும் படித்து முடிக்க யாராலும் முடியாது. அதனால் முதல் நாள் ராத்திரியே படித்துவிட்டு வருவதுதான் வழி.

நிறைய பேர் விழுகிற இடம் மின்னெழுத்துப் பலகை. 'வார்கோ அத்தீவோ' என்று சிவப்பில் எரியும். வார்கோ என்றால் வாயில், அத்தீவோ என்றால் இயக்கத்தில் இருக்கிறது. வாயில் இயங்குகிறதாம், திறந்திருக்கிறது போல என்று நினைத்து உள்ளே போய்விடுகிறார்கள். கேமரா இயங்குகிறது, உள்ளே வராதே என்பதுதான் பொருள். நடுவில் 'நோன்' என்ற சொல்லும் சேர்ந்து 'வார்கோ நோன் அத்தீவோ' என்று வந்தால்தான் போகலாம்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். ஃப்ளாரன்ஸில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் இரவு 8 வரை, சனிக்கிழமை மாலை 4 வரை. கோடைகாலத்தில் வாரக் கடைசி இரவுகளிலும் அமலாகும். பொலோனியாவில் எல்லா நாளும் காலை 7 முதல் இரவு 8 வரை. ரோமின் பழைய நகர வட்டாரத்தில் வார நாட்களில் காலை 6.30 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமை பிற்பகல் 2 முதல் 6 வரை, வெள்ளி, சனி நள்ளிரவுகளில் தனி. டூரின் மட்டும் கொஞ்சம் தாராளம். அங்கே நடு வட்டாரத்துக்கு வார நாட்களில் காலை 7.30 முதல் 10.30 வரைதான் தடை. இவற்றை நகராட்சி மாற்றிக்கொண்டே இருக்கும். புறப்படும் வாரத்தில் அந்த நகராட்சியின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிலான் வேறு ரகம். அங்கே ஏரியா சி என்று நடுநகருக்குள் போக நாளுக்கு 7.50 யூரோ கட்டணம், வார நாட்களில் காலை 7.30 முதல் மாலை 7.30 வரை. அதைச் சுற்றி ஏறத்தாழ நகரம் முழுவதையும் மூடுகிற ஏரியா பி, பழைய டீசல் வண்டிகளைத் தடுக்கிறது. வாடகைக் கார் புதிதாக இருக்கும் என்பதால் ஏரியா பி பெரும்பாலும் தொந்தரவு தராது. ஏரியா சி கட்டணத்தைத்தான் மறந்துவிடுவார்கள். நுழைந்த நாளிலோ, மறுநாள் நள்ளிரவுக்குள்ளோ கட்ட வேண்டும்.

இசட்.டி.எல். மீறலுக்கு அபராதம் 83 யூரோவில் தொடங்குகிறது. அஞ்சல் செலவும் சேர்ந்து நூறை நெருங்கும். காகிதம் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் இரட்டிப்பாகும். வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் வரை அவகாசம் இருப்பதால், ஊருக்குத் திரும்பி, போட்டோவெல்லாம் எல்லோருக்கும் அனுப்பி, பயணத்தையே மறந்த பிறகு பதிவுத் தபால் வரும். அதற்கு முன்னாலேயே கிரெடிட் கார்டில் 30, 50 யூரோ என்று ஒரு தொகை கழிந்திருக்கும். இது அபராதம் அல்ல. ஓட்டியவர் யார் என்று நகராட்சிக்குத் தெரிவித்ததற்காக வாடகை நிறுவனம் எடுத்துக்கொண்ட சேவைக் கட்டணம். இதைக் கட்டியாயிற்றே என்று பின்னால் வரும் நோட்டீஸைக் குப்பையில் போடுகிறவர்கள்தான் இரட்டிப்பாகக் கட்டுகிறார்கள்.

தெரியாமல் உள்ளே போய்விட்டால், பதறி அதே வாயில் வழியாகத் திரும்பத் திரும்பச் சுற்றாதீர்கள். கேமரா ஒவ்வொரு நுழைவையும் தனித்தனியாகப் பதிகிறது. நேராக ஒரு காரேஜுக்குப் போங்கள். இசட்.டி.எல்.லுக்குள் இருக்கும் தனியார் காரேஜ்கள் பல ஊர்களில் வாடிக்கையாளரின் நம்பரை நகராட்சிக்கு அனுப்பி அனுமதி வாங்கித் தருகின்றன. உள்ளே விட்டதும் நம்பரைப் பதிந்துவிட்டீர்களா என்று கேட்டு, அதற்கு எழுத்தில் ஒரு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டலும் இதைச் செய்யும். ஆனால் ஹோட்டல் வாங்கித் தரும் அனுமதி பெரும்பாலும் பெட்டி இறக்கி ஏற்றுவதற்கு மட்டும்தான். தெருவில் நிறுத்திவைக்க அல்ல. வீட்டை வாடகைக்கு விடுகிற தனியார் 'கவலைப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது' என்று சொன்னால் அதை நம்பவே கூடாது. அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

பஸ், டாக்சி தடங்களுக்கும் இதே கேமரா முறை உண்டு. முன்னால் போகிற டாக்சியைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது என்று நினைப்பது இங்கே விலை உயர்ந்த யோசனை. கூகுள் மேப்ஸ் இந்த வட்டாரங்களை எப்போதும் தவிர்ப்பதில்லை. ஜி.பி.எஸ்.ஸில் ஹோட்டல் முகவரியைப் போடாமல், வட்டாரத்துக்கு வெளியே நீங்கள் தேர்ந்தெடுத்த காரேஜின் முகவரியைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி ஆபத்தைக் குறைத்துவிடும்.

வைத்திருக்க வேண்டி வந்தால் எங்கே நிறுத்துவது

ஒரே ஒரு இரவுதான் நகரத்தில், மறுநாள் காலையே மலைப்பக்கம் போகிறோம் என்றால் காரைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எடுப்பது வீண் அலைச்சல். வயதானவர்களோடு போகிறவர்களுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி இறங்குவது சிரமம். அப்போது ஊர் எல்லையில், டிராம் அல்லது மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு உள்ளே போவதுதான் சரி.

இதில் ஃப்ளாரன்ஸின் வில்லா கொஸ்தான்சா அருமையான ஏற்பாடு. ஏ1 நெடுஞ்சாலையில் இம்ப்ருனேதாவுக்கும் ஸ்காந்திச்சிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு இறங்காமலே நேராக உள்ளே போய் நிறுத்தலாம். டோல் சாவடியைக் கடக்க வேண்டியதில்லை. பார்க்கிங்கிலிருந்தே டி1 டிராம் கிளம்புகிறது, அரை மணிக்குள் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம். இசட்.டி.எல். பக்கம் போகவே வேண்டாம். ஒரே ஒரு விஷயம்: அந்தப் பார்க்கிங்கிலிருந்து காரில் ஊருக்குள் போக வழி கிடையாது, மறுபடி நெடுஞ்சாலைக்கே திரும்ப வேண்டும். அங்கே நிறுத்திவிட்டு ராத்திரி பெட்டியை எடுக்கக் காரோடு ஹோட்டலுக்கு வரலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

மிலானில் சான் தொனாத்தோ, கஷீனா கோபா, லம்புன்யானோ, ஃபமகோஸ்தா மெட்ரோ நிலையங்களை ஒட்டி இப்படிப் பார்க்கிங் உண்டு. ரோமில் ஏ வரியின் கடைசி நிலையமான அனன்யினா, பி வரியில் லௌரெந்தீனா. வெனிஸில் கேள்வியே எழாது. லிபர்தா பாலத்தைத் தாண்டி பியாத்சாலே ரோமாவிலோ திரொங்கெத்தோவிலோ சாலை முடிந்துவிடும், அதற்கப்பால் தண்ணீர்தான். அங்குள்ள காரேஜ்கள் விலை அதிகம். பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்கு அருகில் நிறுத்தினால் மலிவு. பத்து நிமிட ரயிலில் சாந்தா லுச்சியா நிலையத்தில் கால்வாய்க்கு முன்னாலேயே இறங்கலாம். வெனிஸில் இரண்டு இரவு தங்குகிறவர், அதற்கப்பால் கார் தேவையில்லை என்றால், பியாத்சாலே ரோமாவிலேயே இருக்கும் வாடகை அலுவலகங்களில் முதல் நாளே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

சியெனா மேட்டில் உட்கார்ந்த ஊர். கீழே ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து தொடர் எஸ்கலேட்டர்கள் மேலே கொண்டுவிடும். லூக்காவில் மதிலுக்கு வெளியே நிறுத்தி வாயில் வழியாக நடந்து போனால் போதும். இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் காரை வைத்திருப்பது பெரிய பாரமில்லை, மதிலுக்கு வெளியே தங்கினால் இன்னும் நல்லது.

தெருவோரம் நிறுத்துகிறவர் கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலக் கோடு காசு கட்டி நிறுத்துவதற்கு. வெள்ளைக் கோடு இலவசம். ஆனால் அங்கே நேர வரம்பு போட்டிருந்தால், வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும் (காரின் கையுறைப் பெட்டியில் இருக்கும், இல்லாவிட்டால் புகையிலைக் கடையில் கிடைக்கும்). மஞ்சள் கோடு குடியிருப்பவர், மாற்றுத்திறனாளிகள், சரக்கு இறக்குபவர் ஆகியோருக்கு. வெள்ளைக் கோடும் கிடைத்து நேர வரம்பும் இல்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன், தெருவைக் கழுவும் நாள் எழுதிய பலகை பக்கத்துக் கம்பத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு கழுவுவார்கள். அன்றைக்கு அங்கே நின்ற கார் காலையில் இருக்காது. திருடு போகவில்லை, இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மீட்க அபராதமும் இழுவைக் கூலியும் கட்ட வேண்டும்.

எங்கே நிறுத்தினாலும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு சட்டையைக்கூட விட்டுப் போகாதீர்கள். நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து பெட்டியை உள்ளே வைப்பதும் தப்பு, பார்ப்பவன் பார்த்துக்கொண்டிருப்பான். கிளம்புகிற இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எடுப்பதையும் கொடுப்பதையும் எங்கே வைத்துக்கொள்வது

வாடகை நாள் என்பது தேதி அல்ல, 24 மணி நேரம். திங்கட்கிழமை 11 மணிக்கு எடுத்தால் வியாழக்கிழமை 11 மணிக்கு மூன்று நாள் முடிகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் அரை மணி, ஒரு மணி சலுகை இருக்கலாம். அதையும் தாண்டினால் முழு நாள் வாடகை. கிராமத்தில் மூன்று இரவு என்றால் காலை 11-க்கு எடுத்து 11-க்குக் கொடுப்பது கச்சிதமாகப் பொருந்தும். பண்ணை வீடுகளில் அறையைக் காலி செய்யும் நேரமும் பத்து மணி வாக்கில்தான்.

மேலே சொன்ன பயணத்துக்குச் சிறந்த வழி இது. ரோமில் கார் இல்லாமல் மூன்று இரவு. ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ரோமின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினிக்கு லியொனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 14 யூரோவில் 32 நிமிடம். நாலாம் நாள் காலை ரயிலில் ஃப்ளாரன்ஸ். நிலையத்தை ஒட்டிய ஊனித்தா நிறுத்தத்தில் டி2 டிராம் பிடித்தால் 1.70 யூரோ டிக்கெட்டில் இருபது நிமிடத்தில் பெரெத்தோலா விமான நிலையம். வாடகைக் கார் அலுவலகங்கள் முனையத்துக்குள் இல்லை, சற்றுத் தள்ளித் தனி வளாகத்தில் இருக்கின்றன; அங்கே போக ஷட்டில் பஸ் உண்டு. இதற்கு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏ11, பிறகு ஏ1 என்று நகரத்தைச் சுற்றிக்கொண்டு கியாந்தி. திரும்பும்போதும் அப்படியே: இம்ப்ருனேதாவில் ஏ1 ஏறி பொலோனியா திசையில் வந்து, ஃபிரென்ஸே நோர்த்-இல் ஏ11-க்கு மாறினால் விமான நிலையம். எடுத்த இடத்திலேயே கொடுப்பதால் வேறு ஊரில் கொடுக்கும் கட்டணமும் இல்லை. டிராம் ஏறி ஃப்ளாரன்ஸுக்குள் வந்தால் கை வீசி நடக்கலாம்.

ஃப்ளாரன்ஸ் நகருக்குள்ளும் வாடகை அலுவலகங்கள் உண்டு. கிலோமீட்டர் குறைவு என்று அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள், திருப்பிக் கொடுக்க வரும்போது ஒரு திருப்பம் தவறினால் நேராக இசட்.டி.எல். கேமராவுக்கு முன்னால் போய் நிற்பார்கள். ஒருவழித் தெருக்கள் என்பதால் திரும்பவும் முடியாது. நகர அலுவலகங்கள் மதியம் மூடுவதும், சனிக்கிழமை பாதி நாளோடும் ஞாயிறு முழுக்கவும் மூடிக்கிடப்பதும் சாதாரணம். மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், மறுபடி திறந்து அவர்கள் காரைப் பார்க்கும்வரை அதில் விழுகிற கீறலுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஏற்கெனவே நீண்ட நாளுக்கு முன்பணம் கட்டிவிட்டு நடுவில் யோசனை மாறினால், அவசரப்பட்டுப் பாதியில் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம் கட்டிய வாடகையில் மீதி நாளுக்குப் பணம் திரும்ப வருவது அரிது. சில நேரம் குறைந்த நாளுக்கான விலையில் மறுபடி கணக்கிட்டு, கூடுதலாகவே கேட்பார்கள். வாரக் கட்டணம் ஐந்து நாள் கட்டணத்தைவிட மலிவாக இருப்பது இந்தத் தொழிலில் விநோதம் இல்லை. முதலில் போன் செய்து 'இன்ன நாளில் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு' என்று கேளுங்கள். பணம் திரும்பாவிட்டாலும், மிச்சமிருக்கும் இரவுகளின் பார்க்கிங்கை மிச்சம் பிடிக்கலாம் என்றால் கொடுத்துவிடுவது லாபம்தான். போன வாடகையை நினைத்து மேலும் செலவு செய்யத் தேவையில்லை.

இரண்டு முறை தனித்தனியாக எடுப்பதென்றால் கிரெடிட் கார்டைக் கவனியுங்கள். ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கார்டில் சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை டெபாசிட்டாகப் பிடித்துவைப்பார்கள். முதல் காரின் டெபாசிட் விடுபடச் சில நாள் ஆகும். அதற்குள் இரண்டாவது காருக்குப் போய் நின்றால் கார்டில் இடமிருக்காது.

திருப்பிக் கொடுக்கும் நாள்

அலுவலகத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் 'செல்ஃப்' என்று போட்ட பக்கத்துக்குப் போங்கள். ஆள் வந்து நிரப்பும் 'செர்வீத்தோ' பக்கத்தில் லிட்டருக்கு விலை அதிகம். பென்சீனா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல். தானியங்கி இயந்திரத்தில் கார்டு போட்டால் முதலில் நூறு யூரோ போலப் பிடித்துவைத்து, பின்னால் போட்டதற்கு மட்டும் கழிக்கும், பயப்பட வேண்டாம்.

வழியில் டோல் சாவடியில் மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் (காரில் பொருத்திய கருவி வழியாகத் தானாக டோல் கட்டும் முறை) என்று மட்டும் எழுதிய தடத்தில் நுழையாதீர்கள். ரொக்கத்துக்கு வெள்ளைப் பலகை, கார்டுக்கு நீலப் பலகை. கம்பி திறக்காமல் மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்காமல் உதவிப் பொத்தானை அழுத்துங்கள். கட்டாத தொகைக்குச் சீட்டு வரும், அதை 15 நாளுக்குள் கட்டிவிடலாம். கட்டாமல் விட்டால் அதற்கும் வாடகை நிறுவனம் தனியே ஒரு சேவைக் கட்டணம் போடும்.

நாலு பக்கமும், சக்கர விளிம்புகளும், கூரையும், முன்கண்ணாடியும், டாஷ்போர்டில் கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் தெரிய வீடியோ எடுங்கள். எடுக்கும்போதும் இதே மாதிரி எடுத்திருக்க வேண்டும். முக்கியமாகச் சக்கர விளிம்பு, ஏனென்றால் அங்குள்ள உயரமான நடைபாதைக் கல்லில் உரசாத வாடகைக் கார் குறைவு. ஆள் இருந்தால் 'சேதம் இல்லை' என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, கார் எடுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டியது லைசென்ஸ். இந்திய, இலங்கை லைசென்ஸ் மட்டும் போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். தமிழ்நாட்டில் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1000 ரூபாய் கட்டி வாங்கலாம், ஓராண்டு செல்லும். இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் தருகிறது. இது இல்லாமல் கவுன்டரில் போய் நின்றால் கார் தர மறுக்கலாம், முன்பணமும் போய்விடும். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே தேர்ந்தெடுங்கள். அங்கே சாதாரணமாகக் கிடைப்பது கையால் மாற்றும் கியர்தான். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர், ஸ்டியரிங்கும் இடப்பக்கம் என்பதால் கியரை வலக்கையால் போட வேண்டும். முதல் அரை மணி கை கதவைத்தான் தேடும். அந்த அரை மணியை ரோமின் போக்குவரத்தில் கழிக்காமல், விமான நிலைய வளாகத்தின் காலி பார்க்கிங்கில் இரண்டு சுற்று சுற்றிக் கழித்துவிடுங்கள்.